ஆறு பேருக்கு ஒருவர்

(கல்லூரி மாணவர் பேரவைப் பொறுப்பாளர்களுக்காக ஏப்ரல் மாதம் நடந்த ஒருநாள் பயிற்சி முகாமில், ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'முதலாண்டு மாணவர்களை வரவேற்பதில் மாணவர் தலைவர்களின் பங்கு' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அழைப்பிதழைப் பார்த்த என் மனைவி, "பிள்ளைங்க ஜூன் மாசத்துக்கு மேலதானே வருவாங்க, ஏப்ரல்ல என்ன வரவேற்பு?" என்று கேட்டார். முகாமை ஏற்பாடு செய்தவர்கள் தெரிந்து செய்தார்களா, மண்டபம் இப்போதுதான் கிடைத்ததா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் இந்த வேலைக்குச் சரியான மாதம் ஏப்ரல்தான். ஏன் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

உங்கள் கல்லூரிக்கு வரப்போகும் பிள்ளை இப்போது என்ன செய்துகொண்டிருக்கும்? பிளஸ் டூ தேர்வு எழுதி முடித்துவிட்டு, மே மாதம் வரப்போகும் மார்க்கை நினைத்துக்கொண்டு, யாரோ ஒருவருடைய கடையில் கைச்செலவுக்கு வேலை பார்த்துக்கொண்டிருக்கும். உங்கள் கல்லூரியின் பெயர்கூட அதற்கு இன்னும் தெரியாமல் இருக்கலாம். அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் நாம் இன்று பேசுகிறோம்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1982ஆம் ஆண்டு, ஒரு மாவட்டத் தலைநகரத்தில் இருந்த கல்லூரியில் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா தகரப் பெட்டியை விடுதி வாசலில் இறக்கி வைத்துவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். இரவு ஏழரை மணிக்கு மெஸ்ஸில் மணி அடித்தார்கள். எல்லோரும் தட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். என்னிடம் தட்டு இல்லை. தட்டு கொண்டு வர வேண்டும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. பசிக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அறையில் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் ஆண்டு படித்த ஓர் அண்ணன் வராந்தாவில் போகிறபோது எட்டிப் பார்த்தார். "சாப்பிடப் போகலையா?" என்றார். "பசிக்கல" என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. தன் அறைக்குப் போய் இரண்டு தட்டு எடுத்துக்கொண்டு வந்தார். ஒன்றை என்னிடம் நீட்டி, "கழுவிட்டு நாளைக்குக் குடு" என்றார். மெஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். அந்த ஒரு மணி நேரத்தில், ரசம் கேட்டால்தான் ஊற்றுவார்கள் என்பதிலிருந்து, எந்தப் பேராசிரியர் வகுப்புக்குத் தாமதமாகப் போகக் கூடாது என்பதுவரை எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் பேரவைத் தலைவர் கிடையாது. எந்தப் பதவியிலும் இல்லை. அன்று தட்டு கிடைத்திருக்காவிட்டால் நான் மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஊருக்குப் போயிருப்பேன். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பெட்டியைக்கூடத் திறக்காமல்தான் வைத்திருந்தேன்.

இதோடு நிறுத்திக்கொண்டால் நல்ல கதையாக இருக்கும். ஆனால் அடுத்த ஆண்டு நடந்ததையும் சொல்ல வேண்டும். இரண்டாம் ஆண்டு வந்ததும் நாங்கள் நான்கைந்து பேர் சேர்ந்து, புதிதாக வந்த ஒரு தம்பியை நிறுத்தினோம். தீக்குச்சி ஒன்றைக் கையில் கொடுத்து, வராந்தாவை அதனால் அளக்கச் சொன்னோம். அந்தத் தம்பி முட்டி போட்டு, குச்சி குச்சியாக வைத்து எண்ணிக்கொண்டே போனான். நாங்கள் சிரித்தோம். யாரும் அடிக்கவில்லை, யாரும் திட்டவில்லை. 'சும்மா பழகுறதுக்குத்தானே' என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். ஒரு வாரம் கழித்து அவனுடைய கட்டில் காலியாக இருந்தது. வீட்டில் கஷ்டம் என்று போய்விட்டதாகச் சொன்னார்கள். இருக்கலாம். காரணம் நாங்கள்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வராந்தாவின் நீளம் அறுநூற்றுச் சொச்சம் தீக்குச்சி என்பது நினைவிருக்கிறது. அந்தத் தம்பியின் பெயர் நினைவில்லை.

தட்டு கொடுத்த அண்ணனோடு ஓராண்டுக்கு முன்பு சாப்பிட்டவன்தான் தீக்குச்சி கொடுத்தான். ஆகவே நல்லவர்கள் வரவேற்பார்கள், கெட்டவர்கள் ராகிங் செய்வார்கள் என்று பிரித்துப் பேசுவதை நான் நம்புவதில்லை. ஒரே ஆள் இரண்டையும் செய்வான். அவனுக்கு என்ன வேலை கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. எங்களுக்கு அந்த ஆண்டு ஒரு வேலையும் கொடுக்கப்படவில்லை.

புதிதாக வருகிறவரைச் சீண்டும் வழக்கம் ராகிங் என்ற சொல்லைவிட மிகப் பழையது. கி.பி. 533இல் ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் சட்டப் படிப்பைச் சீர்திருத்தி ஓர் ஆணை பிறப்பித்தார். அன்று சட்டக் கல்விக்குப் பெயர்பெற்ற ஊர் பெய்ரூட். அங்கே முதலாண்டு மாணவர்களை 'டுபோண்டியஸ்' என்ற சில்லறைக் காசின் பெயரால் கூப்பிடுவார்கள். நம் ஊர் வழக்கில் சொன்னால், 'காலணா'. பேரரசர் அந்தப் பட்டப்பெயரைக் கேலிக்கூத்து என்று ஒழித்துவிட்டு, முதலாண்டு மாணவர்கள் இனித் தன் பெயரால் 'புதிய ஜஸ்டினியன்கள்' என்று அழைக்கப்பட வேண்டும் என்றார். புதியவர்களிடம் இழிவான விளையாட்டு விளையாடக் கூடாது என்றும் அதே ஆணையில் எழுதினார். அதைக் கண்காணிக்கும் பொறுப்பை ஆளுநர், ஆயர், ஆசிரியர்கள் ஆகியோரிடம் விட்டார். இந்தப் பட்டியலைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: ஆளுநர், ஆயர், ஆசிரியர். மூத்த மாணவர் அதில் இல்லை.

அங்கிருந்து நேராக நம் ஊருக்கு வருவோம். 1996 நவம்பர். சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் மருத்துவம் படிக்கச் சேர்ந்த முதலாண்டு மாணவர் நாவரசு, மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். அன்று செய்தித்தாள் படித்த எந்தத் தமிழ்க் குடும்பமும் அந்தப் பெயரை மறந்திருக்காது. அதன் பிறகுதான் 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். தண்டனை பெற்றவர் வேறு எந்தக் கல்லூரியிலும் சேர முடியாது. அதே 1997இல் இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கச் சேர்ந்த ஒரு தமிழ் மாணவர் மூத்த மாணவர்களின் கொடுமையால் இறந்தார். 1998இல் அந்த நாட்டிலும் சட்டம் வந்தது. ஈழத் தமிழர்கள் இதற்கு வைத்திருக்கும் சொல்லைக் கவனியுங்கள்: பகிடிவதை. பகிடி என்றால் வேடிக்கை, கேலி. வேடிக்கையாகத் தொடங்கி வதையில் முடிவதை ஒரே சொல்லுக்குள் வைத்திருக்கிறார்கள்.

நம் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தில் ராகிங்குக்குக் கொடுக்கப்பட்ட விளக்கத்தில் ஒரு பகுதி உண்டு. சாதாரணமாக ஒரு மாணவர் மனமொப்பிச் செய்யாத எதையும் அவரைச் செய்யச் சொல்வது ராகிங். அடித்தால்தான் என்று இல்லை. தீக்குச்சியும் இதில் அடங்கும். இந்த விளக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2009 மார்ச்சில் இமாசலப் பிரதேசத்தின் ஒரு மருத்துவக் கல்லூரியில் அமன் கச்ரு என்ற மாணவர் ராகிங் கொடுமையால் இறந்தார். அந்த ஆண்டே பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுவதற்குமான ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. நீங்களும் பெற்றோரும் சேரும்போது கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் உறுதிமொழிப் பத்திரம் அதன்படி வந்ததுதான். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தவர்கள் கை தூக்குங்கள். நான்கு பேர். பரவாயில்லை, நான் வேலை பார்த்த காலத்தில் ஆசிரியர்களிலேயே அவ்வளவு பேர் படித்திருக்க மாட்டார்கள்.

அந்த ஒழுங்குமுறைகளின் பெரும்பகுதி தண்டனை, குழு, பறக்கும் படை, புகார் என்றுதான் போகும். நடுவில் ஒரு சிறிய பத்தி இருக்கிறது. ஒவ்வொரு கல்வியாண்டின் முடிவிலும் கல்லூரி ஒரு வழிகாட்டிக் குழு அமைக்க வேண்டும். அதில் இருக்க வேண்டியவர்கள், அடுத்த ஆண்டு வரப்போகும் புதியவர்களுக்குத் துணையாக இருக்கத் தாமே முன்வரும் மாணவர்கள். ஆறு புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி. அப்படிப்பட்ட ஆறு வழிகாட்டிகளுக்கு, அவர்களுக்கு மேல் நிலையில் ஒரு வழிகாட்டி. கல்லூரியில் எத்தனை ஆண்டு மாணவர்கள் இருக்கிறார்களோ அத்தனை அடுக்கு.

ஜஸ்டினியன் காலத்திலிருந்து ஆளுநருக்கும் ஆசிரியருக்கும் கொடுக்கப்பட்டு வந்த பொறுப்பை, இந்தப் பத்திதான் மூத்த மாணவரின் கையில் கொடுக்கிறது. நீ செய்யாதே என்று சொல்லும் நூறு விதிகளுக்கு நடுவே, நீ இதைச் செய் என்று சொல்லும் விதி இது. எத்தனை கல்லூரிகளில் இது நடக்கிறது என்று உங்கள் கல்லூரியை வைத்து நீங்களே சொல்லுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் கல்லூரிக்கு இந்த ஆண்டு 600 பேர் புதிதாக வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேருக்கு ஒருவர் என்றால், இரண்டாம் ஆண்டு படிக்கப்போகிறவர்களில் 100 பேர் வேண்டும். அந்த 100 பேரைப் பார்த்துக்கொள்ள மூன்றாம் ஆண்டில் 17 பேர். அந்த 17 பேரைப் பார்த்துக்கொள்ள மூன்று பேர். அந்த மூன்று பேர்தான் அந்த ஆண்டின் பேரவை: தலைவர், துணைத் தலைவர், செயலாளர். 600 பேரையும் மேடையில் நின்று கும்பிட வேண்டாம். 17 பேருடைய பெயர் தெரிந்து, வாரம் ஒருமுறை அவர்களோடு உட்கார்ந்து டீ குடித்தால் போதும். மாணவர் தலைவரின் பங்கு என்ன என்று கேட்டார்களே, என் பதில் இந்த வகுத்தல் கணக்குதான்.

இப்போது ஏப்ரல் விஷயத்துக்கு வருகிறேன். விதி, 'கல்வியாண்டின் முடிவில்' என்று சொல்கிறது. ஏனென்றால் ஜூனில் ஆரம்பித்தால் நேரம் போய்விடும். மாணவர் தேர்தல்களை ஆராய்ந்த லிங்டோ குழுவின் பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் 2006இல் ஏற்றுக்கொண்டது. கல்லூரி திறந்து ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தேர்தல் நடக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. தமிழ்நாட்டில் பல கல்லூரிகளில் நேரடித் தேர்தலே கிடையாது, துறைத் தலைவர் கிளாஸ் ரெப்பை நியமிப்பார், அவர்களிலிருந்து பேரவை அமையும். அதுவும் ஆகஸ்டுக்கு முன்னால் நடப்பதில்லை. அதாவது புதியவர் கல்லூரி வாசலில் நிற்கும் அந்த முதல் வாரங்களில் பழைய தலைவர் படித்து முடித்துப் போயிருப்பார், புதிய தலைவர் இன்னும் வந்திருக்க மாட்டார். வரவேற்க வேண்டிய நேரத்தில் நாற்காலி காலி. ஆகவே இந்த வேலையைப் பதவிக்கு வருகிறவர் செய்ய முடியாது. பதவியை விட்டுப் போகிறவர்தான் செய்துவைத்துவிட்டுப் போக வேண்டும். இங்கே இருக்கும் இறுதியாண்டுப் பிள்ளைகளே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். உங்கள் பதவிக்காலத்தின் கடைசி வேலை இது. இதற்குக் கைதட்டல் கிடைக்காது. பலனைப் பார்க்க நீங்கள் அங்கே இருக்கப் போவதும் இல்லை.

அந்த நாற்காலி காலியாக இருந்தால் என்ன ஆகும்? சென்னைக்காரர்களுக்கு 'ரூட்டு தல' என்றால் யார் என்று தெரியும். ஒரு குறிப்பிட்ட பஸ் தடத்தில் கல்லூரிக்கு வரும் மாணவர்களுக்கெல்லாம் தலைவன் அவன். பேரவைத் தலைவர் ஆகஸ்டில் வருவார். ரூட்டு தல முதல் நாள் காலையிலேயே பஸ்ஸின் பின்படிக்கட்டில் நிற்பான். புதிதாக வரும் பையனைப் பார்த்து, "டேய் தம்பி, நம்ம ரூட்டா? மேல வா" என்பான். வீட்டை விட்டு, பள்ளி நண்பர்களை விட்டு வந்திருக்கும் பதினேழு வயதுப் பையனுக்கு அந்த 'நம்ம' என்ற சொல் போதும். ஒரு தடத்து மாணவர்கள் தங்கள் பஸ்ஸுக்கு எடுக்கும் 'பஸ் டே' கொண்டாட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் தடை செய்தது. ஆனாலும் 2019 ஜூனில் கோடை விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த நாளில், பஸ் கூரைமேல் ஏறி வந்த மாணவர்கள் வண்டி பிரேக் போட்டதும் கொத்தாகச் சாலையில் விழுந்த காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அவர்களைத் திட்டினோம். அந்தப் பையன்களை முதல் நாளில் 'நம்ம' என்று சொல்லிக் கூப்பிட்ட ஒரே ஆள் யார் என்று நாம் கேட்கவில்லை.

தென் மாவட்டங்களில் இந்த இடத்தை நிரப்புவது வேறு. "தம்பி எந்த ஊரு?" என்று ஒரு சீனியர் கேட்பார். அன்பான கேள்வி, நம் ஊரில் யாரும் யாரிடமும் முதலில் கேட்பது அதுதான். ஊர்ப் பெயரைச் சொன்னதும், "ஊர்ல எந்தத் தெரு?" என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு மேல் கேட்க வேண்டியது இல்லை. மாலைக்குள் கையில் ஒரு வண்ணக் கயிறு கட்டப்பட்டிருக்கும், எந்த மேசையில் சாப்பிட வேண்டும் என்பது முடிவாகியிருக்கும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளிப் பிள்ளைகளுக்குள் சாதியின் பெயரால் நடந்த வன்முறையை நாடே பார்த்தது. அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளில் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. பள்ளியில் அவிழ்த்த கயிற்றைக் கல்லூரியில் யாராவது கட்டிவிடக் காத்திருக்கிறார்கள் என்பதை மறக்காதீர்கள்.

ஆகவே ஆறு பேரைப் பிரிக்கும்போது ஒரே ஊர்க்காரர்களை ஒன்றாகப் போடாதீர்கள். ஒரே பள்ளி, ஒரே பஸ் தடம், ஒரே தெரு வேண்டாம். அகரவரிசையில் வெட்டிப் பிரியுங்கள். "எந்த ஊரு?" என்று கேட்கத் தோன்றினால், "சாப்பிட்டியா?" என்று கேளுங்கள்.

வருகிறவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்புப்படி, தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. நாட்டின் சராசரி 28.4. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில். பொறியியல் முதலான தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2021இல் வந்தது. இவற்றின் பொருள் எளிது: உங்கள் கல்லூரி வாசலில் நிற்கப்போகும் பிள்ளைகளில் கணிசமானவர்கள், 1982இல் நான் நின்றதுபோல், வீட்டில் கல்லூரியைப் பற்றிச் சொல்ல யாரும் இல்லாமல் வருகிறவர்கள். அரசு அவர்களை வாசல்வரை கொண்டு வந்துவிட்டது. வாசலுக்கு உள்ளே தட்டு கொடுக்க வேண்டியது நீங்கள்.

அவர்களுக்கு என்ன தெரியாது? படித்த வீட்டுப் பிள்ளைக்குத் தானாகத் தெரிந்திருக்கும் எதுவும் தெரியாது. 75 விழுக்காடு வருகைப்பதிவு இல்லாவிட்டால் தேர்வு எழுத விடமாட்டார்கள் என்பது தெரியாது. இன்டர்னல் மார்க் முதல் மாதத்திலிருந்தே சேரத் தொடங்கிவிடும் என்பது தெரியாது. அரியர் என்றால் ஃபெயில் என்று நினைத்துக்கொண்டு, முதல் செமஸ்டரில் ஒரு பேப்பர் போனதும் படிப்பே முடிந்துவிட்டது என்று வீட்டில் உட்கார்ந்துவிட்ட பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பேப்பரைத் திரும்ப எழுதலாம் என்று அவளிடம் ஒருவரும் சொல்லவில்லை. பேச்சுவாக்கில் யாராவது சொல்லியிருக்க வேண்டியது அது. போனஃபைடு சான்றிதழ் எந்த ஜன்னலில் வாங்குவது, உதவித்தொகைக்கு எந்த வங்கிக் கணக்கில் ஆதார் இணைத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் நோட்டீஸ் போர்டில் ஆங்கிலத்தில் ஒட்டியிருக்கும். அதை நின்று படிக்கவே கூச்சப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தமிழ்வழியில் படித்து வந்த ஒரு பையன் முதல் வாரம் முழுக்க வகுப்பில் வருகைப்பதிவுக்குப் பதில் சொல்லவில்லை. நான்தான் வகுப்பாசிரியர். கூப்பிட்டுக் கேட்டேன். மற்றவர்கள் எல்லோரும் "பிரசன்ட் சார்" என்று சொல்கிற வேகத்தில் தனக்குச் சொல்ல வராது, தப்பாகச் சொன்னால் சிரிப்பார்கள் என்றான். 'உள்ளேன் ஐயா' என்று சொல்லு என்றேன். மறுநாள் அவன் சொன்னதும் வகுப்பு சிரித்தது. நான் பார்த்த பார்வையில் நிறுத்தியது. ஆனால் அவனுக்கு உண்மையில் வழி செய்தவள் அவன் துறையின் மூன்றாம் ஆண்டு மாணவி. விஷயத்தைக் கேள்விப்பட்டு, அடுத்த நாள் என் வகுப்புக்கு ஏதோ சுற்றறிக்கை கொண்டு வந்தவள், வாசலிலேயே நின்று, "உள்ளே வரலாமா ஐயா?" என்று தமிழில் உரக்கக் கேட்டாள். கல்லூரியில் மிடுக்கான மாணவி என்று பெயர் எடுத்தவள் அவள். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. மாணவர் தலைமை என்று சொன்னால் என் கண்முன் வருவது அந்த வாசல்தான்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன், தாத்தா வயதுக்காரன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் எந்தப் பெண்ணும் கேட்கத் தயங்கும் கேள்வி, கழிப்பறை எங்கே என்பது. கேட்காமலே மாலைவரை தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவார்கள். அவர்களுக்குக் கல்லூரியைச் சுற்றிக் காட்டும் அக்கா நூலகத்துக்கு முன்னால் அந்த இடத்தைக் காட்ட வேண்டும். நாப்கின் யாரிடம் கேட்டால் கிடைக்கும் என்று சொல்ல வேண்டும். இதற்கு ஒரு பையனை வழிகாட்டியாகப் போட முடியாது. பேரவையில் பெண்களைத் துணைச் செயலாளர் பதவியோடு நிறுத்தி வைத்திருக்கும் கல்லூரிகள் இதையும் யோசிக்கலாம்.

வரவேற்பு விழாவைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள். ஃப்ரெஷர்ஸ் டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பலூன் கட்டுங்கள், பாட்டுப் போடுங்கள். ஆனால் கூட்டத்தில் ஒதுங்கி நிற்கும் ஒரு பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்து மேடையில் ஏற்றி, "ஒரு டான்ஸ் போடு" என்று மைக்கில் சொல்கிறீர்களே, அப்போது 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மனமொப்பிச் செய்யாத ஒன்றைச் செய்யச் சொல்கிறீர்கள். முதல்வரும் மேடையில் உட்கார்ந்து கைதட்டுகிறார் என்பதால் அது வேறாகிவிடாது. எங்கள் தீக்குச்சிக்கும் உங்கள் மைக்குக்கும் இடையே தூரம் குறைவு.

இன்னொன்று, கலந்தாய்வின் கடைசிச் சுற்றில் இடம் கிடைத்து வருகிறவர்கள் உங்கள் விழாவுக்கே வந்திருக்க மாட்டார்கள். அவர்கள் வந்து சேரும்போது வாழைமரம் காய்ந்திருக்கும், பாடம் இரண்டு யூனிட் நகர்ந்திருக்கும், மற்றவர்களுக்குள் நட்பு உறைந்திருக்கும். மிகவும் தனித்துப் போகிறவர்கள் இவர்கள்தான். ஆறு பேர் என்ற ஏற்பாடு இருந்தால், ஏழாவதாக ஒருவரைச் சேர்த்துக்கொள்வது எளிது.

சரி, அந்த ஆறு பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பெரிய திட்டம் ஏதும் வேண்டாம். முதல் வாரம் ஒரு நாளாவது அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். இரண்டாவது வாரம் உதவித்தொகை விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தார்களா என்று பாருங்கள். மூன்றாவது வாரம், ஆறு பேரில் யார் பேசுவதே இல்லை என்று கவனியுங்கள். முதல் இன்டர்னல் தேர்வு முடிந்ததும் மார்க்கைக் கேட்காதீர்கள், எந்தப் பாடம் புரியவில்லை என்று கேளுங்கள். ஆயுத பூஜை, தீபாவளி விடுமுறைக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்களா என்று எண்ணுங்கள். வராதவருக்கு அன்றே போன் செய்யுங்கள். நீளமான விடுமுறைக்குப் பிறகு காலியான பெஞ்சுகளை என் முப்பது ஆண்டு வேலையில் நிறையப் பார்த்திருக்கிறேன். கல்லூரி அலுவலகம் அதைக் கண்டுபிடிக்கும்போது மாதம் ஒன்றாகியிருக்கும். ஆறு பேரை மட்டும் பார்த்துக்கொள்கிறவருக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிடும்.

உங்கள் எல்லை எது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் மருத்துவரும் இல்லை, போலீஸும் இல்லை. ஒரு தம்பி உயிரை விடுவது பற்றிப் பேசினால், "அதெல்லாம் சரியாயிடும்டா" என்று தோளில் தட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். உடனிருந்து, நம்பிக்கையான ஆசிரியர் ஒருவரிடம் அன்றே கூட்டிப் போங்கள். 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் எந்த நேரமும் பேசலாம். ராகிங் என்று தெரிந்தால் மூடி மறைக்காதீர்கள். மானியக் குழுவின் உதவி எண் 1800-180-5522. 'கல்லூரி மானம் போய்விடும்' என்று யாராவது சொன்னால், அந்த மானத்தைக் காப்பாற்றும் வேலை பேரவையுடையது இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டு ஆட்சேபங்களை எப்போதும் கேட்கிறேன். "எங்களுக்கு யார் சார் செய்தாங்க?" என்பது முதலாவது. நியாயமான கோபம். ஆனால் ராகிங்கைக் காப்பாற்றி வந்ததும் இதே வாக்கியம்தான். "எங்களுக்குச் செய்தாங்க, நாங்க செய்யறோம்." ஏதோ ஓர் ஆண்டு மாணவர்கள் கணக்கைத் தீர்க்காமல் விட்டுக்கொடுத்தால்தான் இது நிற்கும். இரண்டாவது, "சீனியர்னா ஒரு மரியாதை வேணாமா?" என்பது. வேண்டும். ராகிங் செய்கிறவர்கள் புதியவர்களிடம் தங்களை 'சார்' என்று கூப்பிடச் சொல்லி மிரட்டி அந்த மரியாதையை வாங்கப் பார்க்கிறார்கள். நம் பிள்ளைகளோ யாரும் சொல்லாமலே சீனியரை 'அண்ணா', 'அக்கா' என்று கூப்பிடுகிறார்கள். வீட்டில் அண்ணனுக்கு இருக்கும் மரியாதை, தம்பிக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது பின்னால் ஓடி வந்ததற்குக் கிடைத்தது.

நிறைய நேரம் எடுத்துக்கொண்டேன். மதிய உணவு ஆறிக்கொண்டிருக்கும். உங்கள் கோப்புக்குள் ஒரு வெள்ளைத் தாள் வைத்திருக்கச் சொன்னேன். அதை எடுங்கள். அடுத்த ஆண்டும் கல்லூரியில் இருக்கப் போகிறவர்கள் மேலே உங்கள் பெயரையும் போன் எண்ணையும் எழுதுங்கள். கீழே ஆறு கோடு போடுங்கள். வேறொன்றும் எழுத வேண்டாம். இதேபோல் உங்கள் கல்லூரியில் இன்னும் எத்தனை பேரிடம் தாள் வாங்க முடியுமோ, செமஸ்டர் தேர்வு தொடங்குவதற்குள் வாங்கி, முதல்வர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, கொடுத்ததற்கு ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். கோடுகளில் எழுத வேண்டிய பெயர்கள் ஜூலையில் வரும்.

அந்தப் பெயர்களை மறந்துவிடாதீர்கள்.